மாம்பழப் பெட்டியும் மைனிங் பெட்டியும்

சேர்ந்து வாங்குவது நமக்குக் கைவந்த கலை. மே மாதம் பிறந்தால் போதும், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலும் எடிசனிலும் வாட்ஸ்அப் குழுக்களில் மாம்பழப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். பங்கனப்பள்ளி எத்தனை பெட்டி, அல்போன்சா எத்தனை, இமாம்பசந்த் வந்தால் எனக்கும் ஒன்று. யாராவது ஒருவர் மொத்தமாக ஆர்டர் கொடுப்பார், விமான நிலையத்துக்குப் போய் எடுத்து வருவார். சனிக்கிழமை காலை அவர் வீட்டு கராஜில் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெயரைச் சொல்லி எடுத்துக்கொண்டு, ஒரு காபியும் குடித்துவிட்டு வரலாம். பொன்னி அரிசி, பொங்கலுக்கு மஞ்சள் கொத்து, கூரைக்குச் சோலார் பலகை எல்லாம் இப்படித்தான் வருகின்றன. இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பி வாழக் கற்றுக்கொண்ட வழி இது.

என் புகார், இதே பழக்கத்தின் முதுகில் ஏறி 2021 தொடக்கத்தில் நம் வீடுகளுக்குள் நுழைந்த இன்னொரு 'குரூப் பை' பற்றியது. பிட்காயின் மைனிங் மெஷின். ஒரு மெஷின் 11,000 டாலர். தனி ஆளாகக் கேட்டால் கிடைக்காது, இருபது பேர் சேர்ந்தால் கம்பெனியிலிருந்தே நேரடியாக வரும். நம் வீட்டில் வைக்க முடியாது, வீடு விமானம் மாதிரி இரையும். அதனால் டெக்சாஸில் மலிவான மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அவர்களே ஓட்டிக் கொடுப்பார்கள். மாதாமாதம் காயின் வந்து விழும். இதை விளக்கியவர் நம் ஊர்க்காரர், நம் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை பாடம் எடுப்பவர் அல்லது பொங்கல் விழாவில் மேடை போட்டுத் தருபவர். எல்லோருக்கும் அண்ணன். பிளேனோவிலும் ஃப்ரிமாண்டிலும் இருக்கும் நண்பர்கள் சொல்லும் கதைகளில் அண்ணனின் பெயர் மட்டும் மாறுகிறது.

பணம் போனது. சில குழுக்களில் மெஷின் எட்டு மாதம் கழித்து வந்தது, சில குழுக்களில் பாதி வந்தது, சிலவற்றில் வந்ததா என்றே இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். மறுபடி கேட்டால், 'அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?' என்று பதில் வரும். அதோடு கேட்டவர் வாயடைத்துப்போவார், ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் அதே அண்ணனைப் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். அவர் செய்தது கொள்முதல் அல்ல, வைப்புப் பணம் வசூல். அவரை 'வாங்கிக் கொடுத்தவர்' என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். பிறர் பணத்தை வாங்கி, தன் பெயரில் போட்டு, தானே நிர்வகித்து, லாபத்தைப் பங்கு பிரிப்பதாகச் சொன்னவருக்கு என்ன பெயரோ அந்தப் பெயரால்தான் அவரை அழைக்க வேண்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம் கேள்வி.

மாம்பழக் குழுவில் ஏமாற்றுவது ஏன் கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பணம் கொடுத்த ஐந்தாறு நாளில் பெட்டி கையில் இருக்கிறது. அடிப்பழம் அழுகியிருந்தால் அன்று மாலைக்குள் குழுவில் படம் வந்துவிடும். ஊர்ச் சீட்டிலும் அப்படித்தான். மாதம் பிறந்தால் ஒருவர் தள்ளிக் கேட்டுச் சீட்டை எடுப்பார், கசர் மற்றவர்களுக்குப் பிரியும். சீட்டுப் பிடிக்கிறவர் பணத்தை வேறெங்காவது திருப்பியிருந்தால், எடுத்தவர் கைக்குப் பணம் வராத அந்த மாதமே குட்டு வெளிப்படும். அப்படியும் சீட்டுகள் உடைகின்றன, குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன. அதனால்தான் 1961-லேயே தமிழ்நாட்டிலும், 1982-ல் நாடு முழுவதற்கும் சீட்டு நிதிச் சட்டம் போட வேண்டியிருந்தது. மாதாமாதம் வெளிச்சத்துக்கு வரும் ஒரு ஏற்பாட்டுக்கே இவ்வளவு காவல் தேவைப்பட்டிருக்கிறது.

மைனிங் மெஷினோ பெட்டிக்குள் இருக்கும்போதே அழுகுகிற பழம். தொழில்நுட்பத்தில் இருக்கிற நாம் இதைப் புரிந்துகொள்ளாமல் பணம் கொடுத்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. பிட்காயின் வலையமைப்பு 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தன் கணக்கின் கடினத்தைத் திருத்திக்கொள்கிறது. உலகத்தில் எத்தனை மெஷின் புதிதாக ஓடத் தொடங்கினாலும் ஒரு நாளைக்கு வெளிவரும் காயின் எண்ணிக்கை கூடுவதில்லை, ஒவ்வொரு மெஷினின் பங்குதான் குறைகிறது. உங்கள் மெஷின் ஷென்சென் கிடங்கில் இருந்தாலும் கப்பலில் இருந்தாலும் இந்தத் தேய்மானம் நிற்காது.

2021-ல் எல்லோரும் ஆசைப்பட்ட மாடல் ஆண்ட்மைனர் எஸ்19 ப்ரோ. 110 டெராஹாஷ் வேகம், 3,250 வாட் மின்சாரம். அந்த ஏப்ரலில் வலையமைப்பின் மொத்த வேகம் 165 எக்ஸாஹாஷ் அளவில் இருந்தது, நாளொன்றுக்கு 900 காயின், விலை 60,000 டாலர் பக்கம். பெருக்கி வகுத்துப் பார்த்தால் ஒரு மெஷினுக்கு ஒரு நாள் வரவு சுமார் 36 டாலர். இந்த எண்ணைத்தான் பவர்பாயிண்டில் போட்டுக் காட்டினார்கள். 365-ஆல் பெருக்கியும் காட்டினார்கள். 2024 ஏப்ரலில் பரிசு பாதியாகும், ஒரு நாளைக்கு 450 காயின்தான் என்பது அப்போதே எழுதிவைக்கப்பட்ட விதி. 2025-ல் வலையமைப்பு 1,000 எக்ஸாஹாஷை எட்டியது. காயின் விலையை ஒரு லட்சம் டாலர் என்றே வைத்துக்கொண்டாலும் அதே மெஷினின் நாள் வரவு 5 டாலர்தான். மின்சாரம் ஒரு நாளைக்கு 78 யூனிட். நியூ ஜெர்சியில் யூனிட் 20 சென்ட் என்றால் 15 டாலர் 60 சென்ட். டெக்சாஸில் 7 சென்டுக்குக் கிடைத்தாலும் ஐந்தரை டாலர். காயின் விலை மூன்றில் இரண்டு பங்கு ஏறியும் மெஷின் கைப்பிடித்தம்.

இந்தக் கணக்கில் தாமதம் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். எட்டு மாதம் தாமதமாக வந்தால் எட்டு மாத வருமானம் போயிற்று என்று நினைக்கிறோம். உண்மையில் போனது அந்த மெஷினின் ஆயுளிலேயே கொழுத்த எட்டு மாதம். 2021 கோடையில் சீனா மைனிங்கை ஒடுக்கியபோது வலையமைப்பின் வேகம் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. அந்தச் சில மாதங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பொற்காலம். நம் குழுக்களின் மெஷின்கள் அப்போது 'ஆர்டர் போட்டாச்சு' நிலையில் இருந்தன. மெஷினின் விலையும் தாமதத்தில் கரைந்தது. 2021-ல் டெராஹாஷுக்கு 100 டாலரை ஒட்டி இருந்த சந்தை விலை 2022 இறுதியில் 20 டாலருக்கும் கீழே போனது.

இது முன்பே நடந்த கதை என்பதுதான் கொடுமை. 2012 ஜூனில் கான்சஸ் மாநிலத்தின் பட்டர்ஃப்ளை லேப்ஸ் 149 டாலரிலிருந்து 29,899 டாலர் வரையிலான மெஷின்களுக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்தது. 2013 செப்டம்பரில், பணம் கட்டி மெஷின் வராதவர்கள் 20,000 பேருக்கு மேல் என்று எஃப்டிசி தன் வழக்கில் சொன்னது. வாடிக்கையாளர் பணம் கட்டிய மெஷின்களில் கம்பெனியே முதலில் மைனிங் செய்துகொண்டது என்பதும் குற்றச்சாட்டில் உண்டு. அதே 2013-ல் அவலான் கம்பெனி 10,000 சில்லுகளுக்குக் குறைந்து விற்கமாட்டேன் என்றதும், முகம் தெரியாத ஆட்கள் இணையத்தில் ஒன்றுகூடிப் பணம் சேர்த்தார்கள். மைனிங் உலகின் பெரிய கூட்டுக்கொள்முதல்கள் அங்கேதான் தொடங்கின. சில்லுகள் பல மாதம் தாமதம். ஏப்ரல் தொடக்கத்தில் சுமார் 77 லட்சமாக இருந்த கடினம் செப்டம்பர் முடிவில் 15 கோடியை நெருங்கியது, ஏறக்குறைய இருபது மடங்கு. பணம் சேர்த்தவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்ல. பலர் நேர்மையாகக் கணக்கு வைத்து, வந்த சில்லைப் பிரித்து, தபாலில் அனுப்பினார்கள். அப்படி அனுப்பியது கிட்டத்தட்ட மதிப்பில்லாத சில்லை.

அந்தக் காலத்தில் குறைந்தபட்ச ஆர்டர் என்ற நிர்ப்பந்தமாவது இருந்தது. 2021-ல் ஒரே ஒரு மெஷினைத் தன் பெயரில், தன் கிரெடிட் கார்டில், ரசீதோடு வாங்கக் கடைகள் இருந்தன. விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிட்காயின் ஏறும் என்று நம்பியவர் பிட்காயினையே வாங்கியிருக்கலாம். அவருக்கு விலை என்ற ஒரே ஆபத்துதான். மெஷின் வாங்கியவர் அதோடு கப்பல், கடினம், மின்கட்டணம், மெஷினை ஓட்டுபவர், பணம் சேர்த்தவர் என்று ஐந்து ஆபத்துகளைக் கூட வாங்கினார். மின்கட்டணத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2025 ஜூனில் நியூ ஜெர்சி வீடுகளின் மின்கட்டணம் 17-லிருந்து 20 சதவீதம் வரை ஏறியதை நம் எல்லோர் வீட்டு பில்லும் சொல்லும்.

சட்டத்துக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இங்கேயும் கதை பழத்தோட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஃபுளோரிடாவில் ஹோவி என்ற கம்பெனி ஆரஞ்சுத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றது. பத்திரம் உங்கள் பெயரில். ஆனால் துண்டுகளுக்கு இடையே வேலி கிடையாது. உழுவதும் பறிப்பதும் விற்பதும் ஹோவியின் இன்னொரு கம்பெனி. பழம் எல்லாம் ஒரே குவியல், லாபத்தில் உங்களுக்குப் பங்கு. வாங்கியவர்களில் பலர் பக்கத்திலேயே ஹோவி நடத்திய விடுதிக்கு விடுமுறைக்கு வந்த வெளிமாநிலத்தவர். படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்கள், ஆரஞ்சு மரம் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது நில விற்பனை அல்ல, முதலீட்டு ஒப்பந்தம் என்று தீர்ப்பளித்தது. பதிவு வேண்டும், உண்மைகளை வெளியிட வேண்டும். டெக்சாஸ் கொட்டகையில் இருக்கும் இருநூறு மெஷினில் எது உங்களுடையது என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் பூல்தாங்க, பங்குதான் கணக்கு' என்பார்கள். வேலியில்லாத ஆரஞ்சுத் தோட்டம் இது.

2025 மார்ச்சில் எஸ்இசி அதிகாரிகள் வெளியிட்ட அறிக்கையைச் சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள். மைனிங் முதலீட்டுப் பத்திரம் ஆகாது என்று அவர்களே சொல்லிவிட்டார்களே என்பார்கள். அந்த அறிக்கை பேசுவது தன் கணினித் திறனைத் தானே வலையமைப்புக்குக் கொடுக்கிறவரைப் பற்றி, தனியாகவோ பூலில் சேர்ந்தோ. காசை மட்டும் கொடுத்துவிட்டு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அல்ல. யூட்டாவில் கிரீன் யுனைடெட் என்ற கம்பெனி 3,000 டாலருக்குப் 'பச்சைப் பெட்டி' விற்று, அதை ஓட்டித் தருவதாகச் சொன்னது. நாங்கள் விற்றது வெறும் இயந்திரம் என்று அது வாதாடியபோது, வழக்கைத் தள்ளுபடி செய்ய 2024 செப்டம்பரில் நீதிபதி மறுத்துவிட்டார். இயந்திர விற்பனையும் இயக்கும் ஒப்பந்தமும் சேர்ந்தால் முதலீட்டு ஒப்பந்தமாக முடியும் என்பதே அங்கே ஏற்கப்பட்ட வாதம்.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு ஹோவியை விளக்க வேண்டியதே இல்லை, ஈமு என்றால் போதும். பெருந்துறை சுசி ஈமு பண்ணையில் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதாமாதம் பணம், வருடக் கடைசியில் போனஸ். பறவை வளர்க்க இடமில்லாதவருக்கு இன்னொரு திட்டம்: பறவை உங்களுடையது, வளர்ப்பது நாங்கள். ஹோஸ்டிங் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். 2012-ல் எல்லாம் சரிந்தபோது கொட்டகைகளில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது. பண்ணை அதிபருக்கு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்கு முன்னால் தொண்ணூறுகளில் சென்னையில் தேக்கு மரம். ஒவ்வொரு முறையும் ஒரு பொருள் காட்டப்படுகிறது, மரமோ பறவையோ மெஷினோ. பொருள் கண்ணுக்குத் தெரிவதால் இது வட்டிக்குப் பணம் கொடுப்பதல்ல, சொத்து வாங்குவது என்று மனம் சமாதானமாகிறது.

மைனிங்கை வைத்து நேரடியாகவே கொள்ளையடித்தவர்களையும் பார்த்துவிடலாம். பிட்கிளப் நெட்வொர்க் மேல் குற்றம் சாட்டியது நம் நியூவர்க் மத்திய வழக்கறிஞர் அலுவலகம், 2019 டிசம்பரில். மைனிங் பூல் பங்கு என்று சொல்லி உலகம் முழுக்கச் சேர்த்தது குறைந்தது 72 கோடியே 20 லட்சம் டாலர். வருமானம் கூடியதுபோலக் காட்ட எண்களை 60 சதவீதம் ஏற்றச் சொன்ன உள்செய்தி குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. முதலீட்டாளர்களை முட்டாள்கள் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் இருக்கிறது. புரோகிராமர் 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். (நம் தொழில்காரர், டாஷ்போர்டு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அதில் எந்த எண்ணையும் போடலாம்.) இந்தியாவில் அமித் பரத்வாஜின் கெயின்பிட்காயின்: 18 மாதத்துக்கு மாதம் 10 சதவீதம், மைனிங் லாபத்திலிருந்து. பிறகு பிட்காயினுக்குப் பதிலாக எம்கேப் என்ற சொந்த நாணயத்தைக் கையில் திணித்தார்கள். 2018-ல் கைது, 2022-ல் அவர் இறந்துபோனார். வழக்கு முடியவில்லை; 2025 பிப்ரவரியில்கூட சிபிஐ அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை போட்டது.

உடனே கோபம் வரும். 'எங்க அண்ணனைப் போய் இவனுங்களோட சேர்க்கிறீங்களா?' சேர்க்கவில்லை. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, அவர் பணமும் போயிருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டே கேட்கிறேன். பிட்கிளப்பில் பணம் போட்டவர் கையில் என்ன இருந்தது? மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட். அண்ணனிடம் போட்டவர் கையில் என்ன இருக்கிறது? மெஷினின் சீரியல் நம்பர் இல்லை. கம்பெனி கொடுத்த இன்வாய்ஸ் இல்லை. ஹோஸ்டிங் ஒப்பந்தம் இல்லை. எந்த வாலட்டுக்குக் காயின் வருகிறது என்ற முகவரி இல்லை, அது இருந்தால் யாரையும் கேட்காமல் நாமே பிளாக்செயினில் பார்த்துக்கொள்ளலாம். நேர்மையானவரையும் திருடனையும் பிரித்துக் காட்டுவது இந்தக் காகிதங்கள்தான். அவற்றைக் கொடுக்க மறுக்கிற நேர்மையானவர், தன் நேர்மையை நிரூபிக்க இருந்த ஒரே சாட்சியைத் தானே ஒளித்து வைக்கிறார்.

காகிதம் இருந்தாலே ஆபத்து என்கிற இடத்தில் காகிதம் இல்லாமல் நின்றோம். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஹோபோக்கனில் இருந்தது செல்சியஸ். நியூ ஜெர்சி செக்யூரிட்டீஸ் பீரோ 2021 செப்டம்பரிலேயே அதற்குத் தடை உத்தரவு போட்டது. 2022 ஜூலையில் கம்பெனி திவால். 'ஏர்ன்' கணக்கில் காயின் வைத்திருந்தவர்கள், அது எங்கள் காயின் என்று நீதிமன்றத்தில் நின்றார்கள். 2023 ஜனவரியில் நீதிபதி மார்ட்டின் கிளென், நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைப்படி அது கம்பெனிச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னார். அவர்கள் பாதுகாப்பில்லாத கடன்காரர்கள் ஆனார்கள். (கடைசியில் கிடைத்த ஈட்டில் ஒரு பகுதி ஒரு மைனிங் கம்பெனியின் பங்காக வந்தது. மெஷினே வேண்டாம் என்று வட்டிக்குப் போட்டவர்களும் மெஷினுக்குப் பங்காளி ஆனார்கள்.) ஹோஸ்டிங் கம்பெனி நாளைக்குத் திவாலானால் அங்கே இருக்கும் மெஷின் அண்ணனுடையதா, உங்களுடையதா, கொட்டகைக்காரருடையதா? அதைத் தீர்மானிக்க நீதிபதி உங்கள் வாட்ஸ்அப் குரல் பதிவையா கேட்பார்?

நாம் இழந்தது இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் ஒரு கடை முன்பணம் வாங்கினால், சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பொருளை அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் ஒப்புதல் கேட்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று எஃப்டிசி விதி இருக்கிறது. கிரெடிட் கார்டு இருந்தால் வங்கியே பணத்தைத் திரும்ப இழுத்துக் கொடுக்கும். அண்ணனுக்கு ஜெல் செயலியில் 'ஃபேமிலி' என்று குறிப்பெழுதி அனுப்பிய நொடியில் இவை எல்லாம் போய்விட்டன. வாடிக்கையாளராக இருந்த நாம் சொந்தக்காரராகிவிட்டோம்.

திங்கள் முதல் வெள்ளி வரை நாம் என்ன செய்கிறோம் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நாலாயிரம் டாலர் சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கு மூன்று கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர், எஸ்எல்ஏ, தாமதமானால் அபராதம், மேலாளர் கையெழுத்து. வெண்டரிடம் 'உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது' என்று சொல்லிப் பணம் அனுப்பினால் வேலை போய்விடும். சனிக்கிழமை மாலை அதே ஆள், மூன்று மடங்கு தொகையை, ஒரு மின்னஞ்சல்கூட இல்லாமல் அனுப்புகிறார். நிறுவனத்தின் பணத்துக்கு உள்ள மரியாதை சொந்தக் குழந்தையின் கல்லூரிப் பணத்துக்கு இல்லை. கணக்குக் கேட்பது அவமரியாதை என்று யார் நமக்குச் சொன்னார்கள்? நம் பாட்டிமார் பால்காரரிடம் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்தவர்கள். பால்காரரும் கோபித்துக்கொண்டதில்லை.

வரி விஷயத்தை ஒரு வரியில் முடிக்கிறேன், ஏனென்றால் அது தனிக் கட்டுரை. மைனிங்கில் வந்த காயின், வந்த அன்றைய விலையில் வருமானம் என்று ஐஆர்எஸ் 2014-லேயே சொல்லிவிட்டது. ஆக வரவுக்கு வரி உண்டு, மெஷின் தன் பெயரில் இல்லாதவர் தேய்மானத்தைக் கழிக்கத்தான் வழி இல்லை.

இவ்வளவு நடந்தும் ஏன் ஒரு புகாரும் வெளியே வரவில்லை? வெட்கம் பாதி. மீதிப் பாதி விசா. எச்-1பி-யில் இருப்பவர், கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பதினைந்து வருடமாக நிற்பவர், 'மைனிங் தொழிலில் பங்கு வைத்திருந்தேன்' என்று ஓர் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தின் நிழலில்தான் இந்த வசூல் நடக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்கமாட்டேன். பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுப்பது குற்றமல்ல. பயமாக இருந்தால் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசலாம். இழந்ததை ஒப்பிட்டால் அது சில்லறை.

நம் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. 'ஸ்பான்சர்' என்று மேடையில் பெயர் வாசித்ததால்தான் பலர் அந்த அறிமுகக் கூட்டத்துக்குப் போனார்கள். விழாவுக்கு ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, உறுப்பினர் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு 'அது தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல்' என்று கைகழுவ முடியாது. இப்போது அதே பழைய குழுக்களில் செயற்கை நுண்ணறிவுக்கான ஜிபியு சர்வரைச் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற பேச்சு தொடங்கியிருக்கிறது. அதே கொட்டகை, அதே பவர்பாயிண்ட். மேடை கொடுப்பதற்கு முன்னால், பதிவு செய்த கம்பெனியா, இன்வாய்ஸ் யார் பெயரில் என்ற இரண்டு கேள்வியாவது கேளுங்கள்.

பழைய குழுக்களில் இருப்பவர்களுக்கு நாள் எண்ண வேண்டிய நேரம் வந்துவிட்டது. நியூ ஜெர்சியில் பொருள் விற்பனை ஒப்பந்தத்துக்கு வழக்குப் போடும் காலம், ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 4 ஆண்டு. மற்ற ஒப்பந்தங்களுக்கு, வாய்மொழியானாலும், 6 ஆண்டு. நடந்தது மெஷின் விற்பனை என்று அண்ணன் தரப்பு வாதாடினால் 2021-ல் கொடுத்த பணத்துக்குக் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. நிர்வகிக்கக் கொடுத்த பணம் என்று நீங்கள் காட்டினால் 2027 வரை இருக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலில், தேதியோடு: சீரியல் நம்பர், இன்வாய்ஸ், ஹோஸ்டிங் ஒப்பந்தம், வாலட் முகவரி. முப்பது நாள் கொடுங்கள். வாட்ஸ்அப் பழைய செய்திகளை அழிக்காமல் ஏற்றுமதி செய்து வையுங்கள், ஜெல் பரிமாற்றப் பதிவை வங்கியிலிருந்து இறக்கி வையுங்கள். ஆளுக்கு 20,000 டாலர் வரையிலான வழக்கை ஸ்பெஷல் சிவில் பார்ட்டில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். மிடில்செக்ஸ் கவுண்டி நீதிமன்றம் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது, ரூட் 18 வழியாகப் போனால் கால் மணி நேரம்.